லொரேன் போட்ட வெற்றுத் தோட்டா

மொண்டானாவில் எங்கள் ஊர்க்காரர்கள் துப்பாக்கி பழுது என்றால் லொரேன் ஸ்டக்கியிடம்தான் போவோம். அறுபத்தாறு வயது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை, அதில் ஒரு கடைசல் இயந்திரம். வாய் மட்டும் ஊருக்கே போதும்.

எனக்கு மலையேறத் தோதாக எடை குறைந்த, ஆனால் பலத்த தோட்டா போடும் மேக்னம் ரைஃபிள் ஒன்று இருந்தது. எடை குறைந்தால் சுடும்போது தோளில் விழும் உதை கூடும் என்று தெரியாமலா வாங்கினேன்? தெரியும். திமிர். போன வருடம் அதைக் கொண்டு நான் சுட்ட எல்க் மான், வயிற்றில் குண்டோடு காட்டுக்குள் போய்விட்டது. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை. பாவி, வலியோடு அதைச் சாக விட்டேன்.

இந்த வருடம், இருபத்திரண்டு வருட விண்ணப்பத்துக்குப் பிறகு, குலுக்கலில் எனக்கு வளைகொம்பு மலையாடு ஒன்றைச் சுட அனுமதி விழுந்தது. ஆயுளில் ஒரு தடவை கிடைத்தாலே பெரிது. எனக்கோ சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். அந்த ஆட்டையும் குற்றுயிராக விட்டுவிடக் கூடாது.

“மேல இருக்கிற தொலைநோக்கி கோணலா இருக்கு, லொரேன், குறி தப்புது” என்று எல்க் கதையையும் சொல்லித் துப்பாக்கியைக் கொடுத்தேன்.

“தோட்டாவை நான் போட்டுத் தரேன், நீ சுடு.”

இரண்டு முறை தோள் கழன்றுவிடும்போல் உதைத்தது. மூன்றாவது, ‘டிக்’ என்றது. அவ்வளவுதான். ஆனால் குழல் குனிந்தது, தோள் துள்ளியது, கண் மூடிக்கொண்டது.

“அதுல மருந்தே இல்லப்பா. யாரு உதைச்சா உன்னை?” என்றார். “உதைக்குப் பயந்து நீயே குழலைக் குனிய வைக்குற. நாப்பது வருசமா சுடுறவராம்.”

மானம் போனது. “குழல் முனையில ஓட்டை வச்ச மூடி மாட்டுங்களேன், உதை குறையுமே.”

“குறையும். ஆனா சத்தம் பக்கவாட்டுல அடிச்சு, பக்கத்துல படுத்திருக்கிறவன் காது போயிரும். வேட்டைக்குக் கூட வர்ற உன் தம்பி டுவேன் என்ன பாவம் பண்ணான்?”

துப்பாக்கியின் தோள்கட்டையை என் கைக்குத் தக்கபடி முக்கால் அங்குலம் குறைத்தார். பின்னால் தடித்த ரப்பர் வைத்தார். உள்ளே ஒரு பவுண்டு ஈயம்.

“இதையும் மலை மேல தூக்கணுமா?”

“தொப்பையில இருபது பவுண்டு தூக்கிட்டுத்தானே திரியுற. அதை இறக்கு.”

இரண்டு மாதம், சனிக்கிழமை தவறாமல் வரச் சொன்னார். முதலில் சின்னத் துப்பாக்கி, பிறகு மருந்து குறைத்த தோட்டா, கடைசியில் முழுத் தோட்டா. நடுநடுவே எனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டா. குழல் குனிந்தால் வசவு. அசையாமல் நின்றால் ஹக்கிள்பெரிப் பழம் வைத்துச் சுட்ட பலகாரம் ஒரு துண்டு. ஆரம்பத்தில் வசவுதான் வயிறு நிறையக் கிடைத்தது.

அக்டோபரில், பாறை விளிம்பில் இருநூறு கஜத்தில் ஆடு நின்றது. சுட்டேன். டுவேன் என் முதுகில் தட்டிய பிறகுதான் மூச்சு விட்டேன்.

மறுநாள் இறைச்சியோடு லொரேன் வீட்டுக்குப் போனேன். பொட்டலத்தை அவர் தொடக்கூட இல்லை.

“ஓடுச்சா?”

“இல்ல. நின்ன எடத்துலயே சாஞ்சிருச்சு.”

“அப்போ அதுக்கு வலி என்ன, சத்தம்கூடக் கேட்டிருக்காது” என்று சொல்லிவிட்டு, எண்ணெய்க் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நீங்க நல்லா இருக்கணும், லொரேன்” என்றேன்.