கதவைத் தொட்டால் அணைந்துவிடும்

மேல்விஷாரத்தில் எங்கள் வீட்டில் ஒரு பேய் இருந்தது. பட்டப்பகலிலேயே வரும். அதைக் காசு கொடுத்து வாங்கி வந்தவன் என் அண்ணன். கல்லூரியில் யாரிடமோ பழைய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரில் மாட்டினான், அன்றிலிருந்துதான்.

அந்தக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்க இரட்டைத்தலை வயர் ஒன்று உண்டு. இரண்டு தலைகளையும், கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளையிலிருந்து வரும் வெவ்வேறு வயர்களில் சொருக வேண்டும். எங்கள் கம்ப்யூட்டர் பெட்டியில் மிச்சமிருந்த வயர் ஒன்றுதான். "ஒண்ணு போதும்" என்று மற்றதைத் தொங்கவிட்டான். பெட்டிக்கு ஒரு சாண் தள்ளித்தான் அம்மாவின் பசை டப்பா இருக்கும், ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும் பசை. அம்மா வீட்டிலேயே ஷூ மேல்பாகம் தைப்பார்.

அண்ணனின் விளையாட்டில் ஒரு பாழடைந்த பங்களா. கடைசி அறைக் கதவைத் தொட்டால் போதும், கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். எத்தனை முறை போனாலும் அதே கதவு. உள்ளே இருப்பதற்கு நாங்கள் வருவது பிடிக்கவில்லை என்பது ஒன்பது வயதில் எனக்கு உறுதியாகிவிட்டது. அது வீட்டைவிட்டுப் போகட்டும் என்று சாப்பாட்டு ஜெபத்தோடு சேர்த்து ஜெபித்தேன்.

கலவை ஊரிலிருந்து அத்தை வந்தார். வந்ததும் மூக்கைச் சுளித்தார்.

"இன்னாடா இது, எதுவோ கருகுற நாத்தம் வருது?"

"தோல் ஷாப்பு நாத்தம் அத்தை. உங்களுக்குப் புதுசு" என்றான் அண்ணன். தோல் பதனிடும் ஷாப்புகள் சூழ்ந்த எங்கள் தெருவில் எந்த நாற்றத்துக்கும் அதுதான் பதில்.

மறுநாள் அவன் கதவைத் தொட்டான், அணைந்தது. திரும்பப் போட்டான். அத்தை குனிந்து மோந்து பார்த்தார், ஒரே இழுப்பில் பிளக்கைப் பிடுங்கினார். திறந்து பார்த்தால், சொருகியிருந்த ஒற்றைத்தலை பழுப்பேறி உருகியிருந்தது. அண்ணன் பசை டப்பாவைப் பார்த்தான். அப்படி வெளுத்த முகத்தை அவனிடம் நான் பார்த்ததே இல்லை.

பெரிய பவர் சப்ளை வந்தது, கார்டுக்கென்றே தனி வயரோடு. மாட்டுவதற்குமுன், பிளக் கழற்றிக் கிடந்த பெட்டியின் பட்டனை அண்ணன் அமுக்கினான். மின்சாரமே இல்லாத விசிறி அரைச்சுற்றுச் சுற்றி நின்றது. "உள்ள மிச்சம் இருக்கறது போவணும்" என்றான். பேயைத்தான் சொல்கிறான் என்று நினைத்து நான் அம்மாவிடம் ஓடினேன்.

அன்று கதவு திறந்தது. அறையில் ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. என் ஜெபம் பலித்துவிட்டது என்று நினைத்தேன்.

பழைய பவர் சப்ளை குப்பையோடு போனது. அந்தக் கதவைத் தொட்டதும் கார்டு இழுத்த மின்சாரச் சுமை தாங்காதபோதெல்லாம் தன்னை அணைத்துக்கொண்டு எங்களைக் காத்தது அதுதான் என்றும், போகச் சொல்லி நான் ஜெபித்தது அதைத்தான் என்றும் எனக்கு அப்போது தெரியாது.