சிவப்பு அட்டை கட்டிய கோரை

மண்ணூர் கனகத்துக்கு வயலில் கோரை பிடுங்கிப் பிடுங்கியே இடுப்பு போனது. அவள் மகள் காவேரியோ அதே கோரைகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கினாள். "பத்து வர்சம் படிச்சி இன்னாத்த கண்டுபுட்ச்ச? நான் புடுங்கிப் போட்டதத்தானே?" என்று கனகம் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஒரகடத்தில் கார் சீட் தைக்கும் தொழிற்சாலை ஒன்று காவேரியைப் பசுமை அதிகாரியாக எடுத்துக்கொண்டது. புல்தரை பச்சையாக இருக்கிறதா என்று பார்க்க இவ்வளவு படிப்பு எதற்கென்று அவளும் கேட்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. ஆனால் சேர்ந்த மாதமே, வளாகத்துக் குட்டைக்கரையில் எந்தப் புத்தகத்திலும் இல்லாத ஒரு கோரையைப் பார்த்துவிட்டாள். மொத்தமே ஏழு தூர். பூவைப் பார்க்காமல் புது இனம் என்று சொல்ல முடியாது. அதுவோ நாலு வருஷமாகப் பூப்பேனா என்று அடம்பிடித்தது. ஞாயிற்றுக்கிழமையும் வந்து குட்டையோரம் குத்தவைத்திருப்பாள். இந்த அம்மாவுக்கு வீட்டில் ஏதோ பிரச்சினை என்று செக்யூரிட்டி முடிவு கட்டிவிட்டார்.

போன மாதம், காய்ந்த செடி மாதிரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கோவைக்குப் போக வேண்டியிருந்தது. யாரும் தொடக்கூடாதென்று ஏழுக்கும் சிவப்பு அட்டை கட்டிவிட்டுப் போனாள். காட்டு ஆராய்ச்சியில் சிவப்பு கட்டினால் தொடாதே என்று அர்த்தம். கம்பெனியில் சிவப்பு அட்டை என்றால் வேண்டாத சாமான், அப்புறப்படுத்து. வருஷா வருஷம் இதற்கென்றே வகுப்பு நடக்கும். காவேரி அதில் தூங்குவாள்.

ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது கரை சவரம் செய்த கன்னமாக இருந்தது. சூப்பர்வைசர் புருஷோத்தமன் அட்டையில் இருந்த அவள் கையெழுத்தையே எடுத்துக் காட்டினார். காவேரி அட்டையை வாங்கிப் பார்த்தாள். நாலு வருஷத்தைத் தன் கையாலேயே குப்பையில் போட்டிருக்கிறாள், யாரைத் திட்டுவது?

வேண்டாத சாமான் கொட்டகைக்கு ஓடினாள். உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே, பழைய பெயிண்ட் டப்பாக்களில் ஏழும் வரிசையாக நின்றன. கொட்டகைக்குப் பொறுப்பாளனான திருநெல்வேலிக்காரன் அருள்பாண்டி எழுந்து நின்றான்.

"சாமான் முப்பது நாள் வந்தபடியே இருக்கணும்லா மேடம். வாடிட்டுன்னா என்னையத்தான கேப்பாவ? அதான் தண்ணி ஊத்துனேன்."

மூன்று டப்பாவில் எறும்புத்தலை அளவுக்குப் பழுப்பாக ஏதோ எட்டிப்பார்த்தது. காவேரி லென்சை வைத்துப் பார்த்தாள். பூதான். கண் நிறைந்து ஒன்றும் தெரியவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

இன்றைக்கு இருபத்தொன்பதாம் நாள், யாரும் கேட்டு எழுதாவிட்டால் நாளை எல்லாம் லாரிக்குப் போய்விடும் என்று சொல்லி அருள்பாண்டி பதிவேட்டை நீட்டினான். சாமான்: புல். நிலை: நல்ல நிலை. 'யாருக்குத் தேவை' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. காவேரி அதில் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் காரணம் கேட்டிருந்தார்கள். என்னென்னவோ எழுத நினைத்து, கடைசியில், 'அம்மாவிடம் காட்ட' என்று எழுதினாள்.