அறுபத்தொன்பதும் எழுபதும்

எனக்குச் சம்பளமே குறை கண்டுபிடிப்பதற்குத்தான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், லாரிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகனாக இருக்கிறேன். பல்சக்கரத்தில் மயிரிழைக் கீறல் இருந்தாலும் போதும், சிவப்புச் சீட்டைக் கட்டித் தள்ளி வைத்துவிடுவேன். இந்தப் புத்தி கம்பெனி கேட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பெண் பார்க்கப் போன இடங்களுக்கும் கூடவே வந்தது. ஒருத்தி சத்தமாகச் சிரிக்கிறாள், இன்னொருத்தி சிரிக்கவே இல்லை என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு கட்டத்தில் கூட்டிப் போகிறவர்களே அலுத்துப்போய்விட்டார்கள். இப்போது வயது ஐம்பத்தொன்று. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு ஒற்றை அறை போர்ஷனில் தனியாக இருக்கிறேன்.

இப்படிப்பட்ட ஆளுக்கு நாணயப் பைத்தியம் பிடித்ததில் ஆச்சரியம் இல்லை. புதையலில் எடுத்த பழங்காசு இல்லை, எல்லாம் புத்தம் புதுசு. அரசாங்க நாணயச் சாலையில் வெள்ளியில் நினைவு நாணயம் அடித்து, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றி, பெட்டியில் வைத்து விற்பார்கள். முன்பதிவு செய்து வாங்க வேண்டும். நூறு ரூபாய் என்று அதில் போட்டிருக்கும், ஆனால் அதை எந்தக் கடையில் நீட்டினாலும் நம்மை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடிவிட்டு, பரிசோதனை அறையின் விளக்குக்குக் கீழே வைத்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அப்படி ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் வந்தான். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், எளாவூர்க்காரன், என் வயசுதான். சரக்கை இறக்கி வைத்துவிட்டு என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான்.

"இன்னா நைனா, காச இந்த மொறை மொறைக்கிற? உங்கிட்ட கடன் வாங்கிக்கினு ஓடிப் போச்சா?"

அந்தக் கம்பெனியில் என்னிடம் விளையாட்டாகப் பேசிய முதல் ஆள் அவன்தான். மற்றவர்களுக்கு நான் வந்தாலே பேஜாரு. அடுத்த தடவை முன்பதிவு செய்தபோது அவனும் ஒன்று வாங்கினான். எதற்கு என்று கேட்டேன். "நீ வாங்குற, நானும் வாங்குறேன். பேசறதுக்கு ஒரு மேட்டர் வேணாமா?" என்றான். அதிலிருந்து ஏழு வருடம் காலை நாஷ்டாவும் சாயங்கால டீயும் அவனோடுதான். ஞாயிற்றுக்கிழமை எளாவூருக்குப் போனால் அவன் மனைவி மீன் குழம்பு வைத்துப் போடுவார். எனக்கு வேறு போக்கிடம் இருந்ததில்லை, வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

ஒருமுறை இரண்டு பேரும் சென்னைக்கு மின்சார ரயிலில் ஏறி ஒரு நாணயக் கண்காட்சிக்குப் போனோம். அங்கேதான் முதல் தடவையாக மார்க் போட்ட நாணயங்களைப் பார்த்தோம். வெளிநாட்டில் அதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. காசை அனுப்பினால் எழுபதுக்கு இத்தனை என்று மார்க் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் கூட்டில் அடைத்து, சீட்டு வைத்துத் திருப்பி அனுப்புவார்கள். எழுபதுக்கு எழுபது என்றால் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். அறுபத்தொன்பது என்றால் எங்கோ ஒரு சின்னக் குறை. எங்களிடம் இருந்த அதே வெள்ளி நாணயம் இரண்டு விதமாகவும் அங்கே இருந்தது. அறுபத்தொன்பது, வாங்கின விலையும் மார்க் போட்ட செலவும் சேர்ந்த அளவுக்குத்தான் போகும். எழுபதுக்குச் சொன்ன விலை அதைப்போலப் பத்து மடங்கு.

அவன் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டும் ஒண்ணாத்தானே கீது. இதுக்கு எதுக்கு இம்மாம் டப்பு?" என்றான். கடைக்காரர் காசைப் பார்க்கவே இல்லை, சீட்டைத்தான் விரலால் தட்டிக் காட்டினார். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பத்து மடங்கு நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. வாழ்நாள் முழுக்க நான் சொல்லிக்கொண்டிருந்ததையே யாரோ விலை போட்டு விற்கிறார்கள் என்று நினைத்தேன்.

எங்கள் காசுகளையும் அனுப்புவது என்று முடிவு செய்தோம். சென்னையில் ஒரு ஏஜென்ட் மொத்தமாகச் சேர்த்து அனுப்புவார். ஆளுக்கொரு படிவம் என்றால் தபால் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் இரட்டிப்பு. அதனால் இரண்டு காசையும் என் பெயரில் ஒரே படிவத்தில் போட்டோம். காசுகளைச் சின்ன பிளாஸ்டிக் உறைகளில் போட்டபோது, உறைமேல் பெயர் எழுத நான் பேனாவை எடுத்தேன்.

"வுடு நைனா. என்னுது உன்னுதுன்னு பேர் எழுதி வைக்க நாம இன்னா பங்காளிங்களா?"

சீட்டு கட்டாமல் ஒரு போல்ட்டைக்கூட நகர்த்த விடாத நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஆனால் உறையில் போடுவதற்கு முன்னால் இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்திருந்தேன். என் காசில் விளிம்பை ஒட்டிய வெற்றிடத்தில் ஒரு மெல்லிய கோடு இருந்தது. அவனுடையதில் ஒன்றுமே இல்லை. அவன் பெட்டி வந்தபடியே பீரோவில் துணிக்கு அடியில் கிடந்தது. தினம் தினம் திறந்து எடுத்துப் பார்த்தவன் நான்தான், அந்தக் கோடு என் கையாலேயே விழுந்திருக்கும். இதை அவனிடம் சொல்லவில்லை. அப்போது சொல்வதற்கு ஒரு காரணமும் இல்லை.

நான்கு மாதம் கழித்து பார்சல் வந்தது. கம்பெனிக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்துப் பிரித்தோம். ஒன்று எழுபது, ஒன்று அறுபத்தொன்பது. அவன் பெஞ்சைத் தட்டிக் கத்தினான், டீ மாஸ்டர்கூடத் திரும்பிப் பார்த்தார். நான் அறுபத்தொன்பதை வெளிச்சத்தில் சாய்த்தேன். கோடு இருந்தது. பிளாஸ்டிக்குக்குள்ளிருந்தும் எனக்குத் தெரிந்தது. எழுபது அவனுடையது.

"இதுல எது யாருது நைனா?" என்று கேட்டான்.

நான், "எப்படிச் சொல்றது?" என்றேன்.

இரண்டே வார்த்தை. பொய்கூட இல்லை, வெறும் கேள்வி என்று பல நாள் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அவன் யோசிக்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு ரெண்டு ரூபாயை எடுத்து, "பூவா தலையா போட்டுடலாம், சொல்லு" என்றான். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். தலை என்றேன். தலைதான் விழுந்தது. எழுபதை என் கையில் திணித்துவிட்டு, அன்றைக்கு டீக்குக் காசும் அவனே கொடுத்தான். ஒரு வாரம் வரைக்கும் கம்பெனி முழுக்க, "நம்மாளு எழுபதுக்கு எழுபது வாங்கிட்டாரு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அதற்கப்புறம் அவன் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. வெட்கமாக இருந்தது. வெட்கம் நாளாக ஆக எரிச்சலாக மாறியது. அவன் ஜோக்கடித்தால் குத்திக் காட்டுகிறானோ என்று தோன்றும். டீக்குக் கூப்பிட்டால் ரிப்போர்ட் எழுத வேண்டும் என்பேன். ஞாயிற்றுக்கிழமை உடம்பு சரியில்லை என்பேன். பிறகு ஷிப்ட்டையே மாற்றிக்கொண்டேன். சில மாதத்தில் அவன் எங்கள் கம்பெனியை விட்டு ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்குப் போய்விட்டான். போகிற அன்று பரிசோதனை அறைக்கு வந்தான். "வரேன் நைனா" என்றான். நான் அளவெடுத்துக்கொண்டே தலையை ஆட்டினேன்.

பிறகு இரண்டு வருடம். காலையில் கடை வாசலில் தோசையை நின்றுகொண்டே தின்பேன். சாயங்காலம் வந்து கதவைச் சாத்தி விளக்கைப் போட்டால் மறுநாள் காலைதான் திறப்பேன். யாரிடமும் பேசாத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. திங்கட்கிழமை கேட்டில் செக்யூரிட்டிக்கு வணக்கம் சொல்லும்போது தொண்டை கட்டியிருக்கும். அந்த எழுபதை அலமாரியில் வைத்திருந்தேன், எடுத்துப் பார்க்கப் பிடிக்காது. விற்கவும் மனசு வரவில்லை.

இதற்கிடையே ஆளாளுக்கு அதே நாணயத்தை அனுப்பி மார்க் வாங்க ஆரம்பித்தார்கள். எழுபதுகள் பெருகின, விலை சரிந்தது. போன மாதம் கண்காட்சியில் பார்த்த அதே கடைக்காரரிடம் போனில் கேட்டேன். "இப்ப நெறைய வந்துடுச்சு சார், அறுபத்தொம்போதுக்கு மேல கொஞ்சம் போட்டுத் தரேன்" என்றார். அந்த வார ஞாயிற்றுக்கிழமைதான் எளாவூருக்குக் கிளம்பினேன். விலை விழுந்த பிறகுதான் இவனுக்கு மனசாட்சி முளைத்தது என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றைக் கடந்து அவன் தெருவுக்கு நடந்தேன். அவன் வீட்டில்தான் இருந்தான், லுங்கியோடு வாசலுக்கு வந்தான். பிறகு உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டான். அவன் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் சுற்றி வளைக்காமல் எழுபதை எடுத்து அவன் முன்னால் வைத்தேன். கோட்டைப் பற்றிச் சொன்னேன். தெரிந்தேதான் பூவா தலையா போட விட்டேன் என்றும் சொன்னேன். இதற்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்றேன்.

அவன் அந்தக் காசைத் தொடவில்லை.

"இதுக்கா?" என்றான். "இதுக்கா நைனா எங்கூடப் பேசாம இருந்த?"

"ஆமா."

"என்னாண்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா சிரிச்சிட்டுப் போயிருப்பேனே. இந்தா எடுத்துக்கோன்னு குடுத்திருப்பேன். நான் இன்னா தப்பு பண்ணேன், இன்னா தப்பு பண்ணேன்னு எத்தினி நாளு யோசிச்சினு இருந்தேன் தெரியுமா? எதுனா வாய் தவறிப் பேசிட்டனா, உன் மனசு நோவற மாதிரி எதுனா கிண்டல் பண்ணிட்டனா, ஒண்ணும் புரில."

மன்னித்துக்கொள் என்று சொல்லத்தான் போயிருந்தேன், அதைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்த அவன் மனைவிதான் பேசினார். குரலில் கோபம் இல்லை.

"உங்க ஊட்டாண்ட ரெண்டு வாட்டி வந்தாருண்ணா, வேலை வுட்டு வரச்சொல்ல இங்க எறங்காம. லைட்டு எரியுது, நீங்க உள்ள இருமுற சத்தம்கூடக் கேட்டுச்சாம். கதவத் தட்டினா உங்களுக்குப் புடிக்குமோ புடிக்காதோன்னு கொஞ்ச நேரம் நின்னுட்டு, அப்படியே திரும்பி வந்துட்டாரு."

அவன், "அத எதுக்கு இப்ப சொல்ற?" என்று அவரை அதட்டினான். பிறகு எழுபதை எடுத்து என் பையில் போட்டான். இன்னொரு நாள் சாவகாசமாக வா என்றான், தெருமுனை வரை கூட வந்தான். எது பேசினாலும் இரண்டு பேருக்கும் பாதியில் நின்றுபோனது.

கும்மிடிப்பூண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எந்த இரண்டு சாயங்காலம் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, எல்லாச் சாயங்காலமும் ஒன்று போலத்தான் இருந்தன. யாராவது வந்து கதவைத் தட்ட மாட்டார்களா என்று அந்த இரண்டு நாளும் நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன்.