மடியேந்தி மாறின புண்

பித்தப்பையிலை கல்லெண்டு எனக்கு ஒப்பரேசன் செய்தது போன மாரியிலை. வயித்தை வெட்டாமல் சின்னத் துவாரம் போட்டுச் செய்யிறது. மற்றத் துவாரமெல்லாம் கெதியாய்க் காய்ஞ்சு மாறீட்டுது. தொப்புளடியிலை இருந்தது மட்டும் மாறேல்லை. மூடும், பிறகு கட்டியாய் எழும்பி உடைஞ்சு சீழ் வரும். ஊசி போட்டினம், குளிசை மாத்தினம். தைப்பொங்கலும் போச்சு, சித்திரை வருசமும் போச்சு. இந்தப் புண்ணோடைதான் போகப்போறன் எண்டு நினைச்சன்.

ஆரிட்டையும் சொல்லேல்லை. மருந்து கட்டுற மகள் சாந்திக்கு மட்டும் தெரியும். புண்ணோடை கோயிலுக்குள்ளை போகக் கூடாதெண்டு வெளிவீதியிலை நிண்டு கும்பிடுவன். ஒரு வெள்ளிக்கிழமை அங்கை நிண்டு அழுதன். "அம்மாளாச்சி, இதை மூடித் தா. மடிப்பிச்சை எடுத்து வைச்சு, மாறின உடனை பொங்கிறன்" எண்டு நேந்தன்.

சாந்தி சிரிச்சாள். "சொந்தக்காரர் வீட்டிலையே தேத்தண்ணி கேட்டுக் குடியாத ஆள், நீங்களோ அம்மா பிச்சை எடுக்கிறது?"

எடுத்தன். சீலைத் தலைப்பை ஏந்தி வீடு வீடாய் அரிசி வாங்கினன். நேர்த்தி எண்டால் வீடு பாத்துப் போகேலாது, ஒழுங்கையிலை ஒரு வீட்டுப் படலையையும் விடக் கூடாது. கடைசிப் படலை பக்கத்து வீட்டு மங்கையின்ரை. வேலிச் சண்டையிலை ரெண்டு பேரும் பேச்சை விட்டு எத்தினை வருசம்.

அவள் சுளகிலை அரிசியோடை வந்தாள். "மடிப்பிச்சைக்கு வந்த ஆளைத் திருப்பி அனுப்பேலாதெண்டு தெரிஞ்சுதான் வந்தனி."

"ஓம். வேறை எப்பிடி உன்ரை படலை திறக்கும்?"

அரிசியைக் கொட்டினவள் என்ரை கையைப் பாத்தாள். "ஏன் வயித்தைப் பொத்திப் பிடிக்கிறாய்?"

சொன்னன். எனக்கே தெரியேல்லை ஏன் சொன்னன் எண்டு. அவள் தன்ரை சீலையை விலத்திக் காட்டினாள். அதே இடத்திலை, அதே மாதிரித் தழும்பு.

"எனக்கும் உதே ஒப்பரேசன், உதே சீழ். வழமையான மருந்துக்குக் கேளாத கிருமியாம். வேறை சோதினை ஒண்டு இருக்கு, டொக்டரிட்டைக் கேள்."

கேட்டன். டொக்டர் ஆறுதலாய்க் கேட்டு, சீழை அந்தச் சோதினைக்கு அனுப்பினார். மறுமொழி வரக் கன நாள் எடுத்தது. மங்கை சொன்ன மாதிரித்தான். மாதக் கணக்காய்க் குளிசை. வயித்தைப் பிரட்டும், விட்டிடுவமோ எண்டு இருக்கும். விடிய மங்கை வேலிக்கு மேலாலை எட்டிப் பாப்பாள். "போட்டிட்டியோ? வாயைத் திற பாப்பம்."

புண் மூடீட்டுது. பிறகு எழும்பவேயில்லை. எடுத்து வைச்ச அந்த அரிசியைப் பொங்கி, கோயிலுக்குள்ளை போய் அம்மாளாச்சியின்ரை முகத்தைக் கிட்ட நிண்டு பாத்தன். மங்கை பக்கத்திலை நிண்டாள்.

அஞ்சாம் வகுப்போடை நிண்ட நான் உங்களுக்குச் சொல்ல என்ன இருக்கு. மாறாத புண் இருந்தால் அம்மாளிட்டைக் கேளுங்கோ. மருந்தை நடுவிலை விடாதேங்கோ. மடியேந்திப் போனால், ஒரு படலையையும் விடாதேங்கோ.