விவேக் நகரில் ஒரு பாலே நடனக்காரி

எங்கள் கூடத்துச் சுவரில் ஒரு பாலே நடனக்காரியின் நீர்வண்ண ஓவியம் இருக்கிறது. கெண்டைக்கால் வரை இறங்கும் வெள்ளைச் சல்லாத் துணி, தலையில் பூவளையம், ஒற்றைக் கால் நுனியில் நிற்கும் உடம்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸ் மேடைகளில் ஆடிய பெண்களை இப்படித்தான், தரையில் கால் பாவாதவர்களைப் போல, வரைந்தார்களாம். கோலார் தங்கவயலில் வயர்மேனாக இருந்த அப்பா, பெங்களூரில் இந்த விவேக் நகருக்குக் குடிவந்தபோது அதையும் கொண்டுவந்தார்.

தங்கவயல்காரர்களின் வாட்ஸப் குழுவில் நான் போட்ட கிறிஸ்துமஸ் புகைப்படத்தில் எங்கள் தலைக்கு மேல் அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் தேடி வந்தார். அறுபது வயதிருக்கும். பழைய படங்கள் சேகரிப்பதாகச் சொன்னார்.

"இது சும்மா பிரிண்ட் மேடம். காலண்டர் மாதிரி. வேல்யூவே இல்ல. நானே எடுத்துக்கிறேன்."

ஒன்றுக்கும் உதவாததற்கா இவ்வளவு டிராஃபிக்கில் வந்தார்? ஓவியத்தின் சட்டக் கண்ணாடியைக் கழற்றிப் பார்க்கலாமா என்றார். கூடாது என்றேன்.

அவர் போனதும் ஓவியத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். துணி மடிப்புகளுக்கு அடியில் பென்சில் கோடுகள் தெரிந்தன. கழுத்தருகே வண்ணம் நீரோடு ஓடிக் காய்ந்த தடம். அச்சில் இதெல்லாம் வராது. மனுஷன் பொய் சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் வந்தபோது, அப்பாவும் கூடத்தில் உட்கார்ந்திருக்க, முகத்துக்கு நேராகவே கேட்டேன். அவர் போனை எடுத்து மூன்று ஓவியங்களைக் காட்டினார். வேறு வேறு நடனக்காரிகள், ஆனால் அதே கை.

"எங்கம்மா வரைஞ்சது. அப்பா மைன்ஸ்ல ஆபீசர். பழைய ஃபிரெஞ்சுப் படங்களப் பாத்து நாலு வரைஞ்சாங்க. ஒண்ணு பங்களாவுலருந்து காணாமப் போச்சு."

சொல்லும்போது அவர் பார்வை அப்பா மேல் இருந்தது. எனக்குச் சுரீரென்றது. ஆனாலும் நானும் அப்பாவைத்தான் பார்த்தேன்.

"தொரசாணியம்மா குடுத்தாங்க" என்றார் அப்பா.

"எங்கம்மா யாருக்கும் குடுக்க மாட்டாங்க."

"அவங்க இருக்காங்களா?" என்றேன்.

"ஆஸ்திரேலியாவுல, தங்கச்சி வீட்ல."

"அப்போ இப்பவே கேளுங்க."

வீடியோவில் ஒரு நரைத்த தலை தெரிந்தது. அப்பா தன்னையறியாமல் எழுந்து நின்றார். அந்த அம்மாள் போனுக்குள்ளிருந்து அப்பாவையும் பின்னால் சுவரிலிருந்த ஓவியத்தையும் உற்றுப் பார்த்தார்.

"யாரு, வயர்மேனா? இன்னுமா அத வெச்சிருக்கே?"

"நீங்களா மம்மி குடுத்தீங்க?" என்றார் மகன்.

"நான்தான். கால் சரியா வரல. அப்படி நின்னா அவ விழுந்துடுவா. கிழிக்கப் போனேன், இவன் எனக்குக் குடுங்கன்னான்."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். மகன் தலைகுனிந்தார்.

"சாரி மேடம். நேராக் கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

"நேராக் கேட்டாலும் குடுத்திருக்க மாட்டேன்" என்றேன்.

சட்டத்தோடு அப்படியே போனில் படம் பிடித்துக்கொண்டு போனார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து வருகிறார். அப்பாவும் அவரும் தங்கவயல் கதை பேசுகிறார்கள். நான் காபி கொடுக்கிறேன். கையில் பெரிய பை ஏதும் வைத்திருக்கிறாரா என்று மட்டும் வாசலிலேயே பார்த்துவிடுகிறேன்.