சயாமிலிருந்து ஒரு சலாம்

ஜப்பான்காரன் காலத்து வானொலியைப் பற்றி மஜீதாவிடம் யாரும் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. பிய்த்து உதறிவிடுவாள். காஜா பேராங் முச்சந்தியில், அவள் கொழுந்தன் ஷம்சுதீனின் மளிகைக் கடைக்கு நேர் எதிரே, கம்பத்தில் ஒலிபெருக்கி ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலமானால் தமிழ் நிகழ்ச்சி. கடைக்குள் திரைச்சீலைக்குப் பின்னால் மரவள்ளிக்கிழங்கைச் சீவிக்கொண்டே அவள் எல்லாவற்றையும் கேட்பாள்.

நல்லதை நல்லது என்று சொல்ல அவள் தயங்கியதில்லை. பாட்டுகள் அருமை. செம்பனை எண்ணெயில் சாம்பல் நீர் கலந்து சவுக்காரம் காய்ச்ச ஒருவர் சொல்லித்தந்தாரே, அதைக் கேட்டுத்தான் அந்தத் தெருவே துணி துவைத்தது. ஆனால் செய்தி வந்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"தினமும் இவங்களே ஜெயிக்கிறாங்க. அப்புறம் ஏன் தம்பி, நம்ம கடையில அரிசி இல்ல?" என்பாள்.

"மெல்லப் பேசுங்க மச்சி, யார் காதுலயாச்சும் விழப்போவுது" என்று ஷம்சுதீன் பதறுவான்.

செய்தியில் ஒரு வார்த்தையையும் நம்பாத இந்தக் கெட்டிக்காரி, வெள்ளிக்கிழமை நிகழ்ச்சியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள். சயாமில் ரயில் பாதை போடப் போனவர்கள் அதில் ஊருக்கு இரண்டு வார்த்தை பேசுவார்கள். அவள் கணவன் நாகூர் மீரானும் போயிருந்தான். சமையல்காரன். வேலையாட்களுக்குச் சோறாக்கிப் போட்டால் போதும், மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றிப்போனார்கள். மழை வந்து போனது, பெருநாள் வந்து போனது, அவன் வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"வீட்டுல எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமா இருக்கேன். சாப்பாடு நல்லா இருக்கு."

அறிவிப்பாளர் அவன் பெயரைச் சொன்னதுமே முக்காட்டை இழுத்து விட்டுக்கொள்வாள். சலாமுக்குப் பதில் சொல்லாமல் இருக்கலாமா? "வ அலைக்குமுஸ்ஸலாம்" என்று வாய் நிறையச் சொல்வாள். "தான் ஆக்கினதுலயே உப்பு சரியில்லன்னு ஒதுக்குற மனுசன், சாப்பாடு நல்லா இருக்குங்கிறாரே!" என்று சிரிப்பாள். எப்போது வந்தாலும் அதே பேச்சுதான். பக்கத்தில் சிப்பாய் நிற்கும்போது வேறென்ன பேசுவார் பாவம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுவருஷம் தம்பிராஜா திரும்பி வந்தான். நாகூர் மீரானோடு ஒரே ரயிலில் போனவன். கால் புண்ணில் துணி சுற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து உட்கார்ந்தவனை ஷம்சுதீனுக்கு அடையாளமே தெரியவில்லை.

"அண்ணன் அங்க போன முதல் மழையிலயே போய்ச் சேர்ந்துட்டாருங்க. வாந்திபேதி. நாங்கதான் பொதைச்சோம்" என்றான்.

திரைக்குப் பின்னாலிருந்து மஜீதா சீறினாள். "என்ன பேச்சு பேசுறீங்க! போன வெள்ளிக்கிழமைகூட அவர் பேசினாரே!"

தம்பிராஜா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். "அது சயாம்ல பேசினது இல்லக்கா. ரயில் ஏறுறதுக்கு முன்னாடி, இங்கயே ஒரு ரூம்புல நிக்க வெச்சு, சொல்லிக் குடுத்ததைப் பேசச் சொல்லி இசைத்தட்டுல புடிச்சிக்கிட்டாங்க. நானும்தான் பேசினேன். கேட்டிருப்பீங்களே."

கேட்டிருந்தாள். இவனும் சுகமாகத்தான் இருந்தான்.

அழுது ஓய்ந்தபின் மஜீதா வளையலைக் கழற்றினாள். வெள்ளைச் சேலை தேடி எடுத்தாள். நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து, அவனுக்காகத் துக்கம் காக்கும் கடமையையாவது ஒழுங்காகச் செய்துவிட வேண்டும். அவளுக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை அதுதான். பள்ளிவாசல் இமாமைக் கேட்டுவிட்டு வந்த ஷம்சுதீன் வாசலிலேயே தயங்கி நின்றான்.

"மௌத்தான நாள்ல இருந்துதான் இத்தா கணக்காம் மச்சி. அது எப்பவோ முடிஞ்சுபோச்சாம். நீங்க இப்ப உட்கார வேண்டியதில்லன்னுட்டாரு."

எப்போது முடிந்தது? அவனுக்குச் சலாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு வாரத்தில். பாவி வானொலி, புருஷனுக்காகத் துக்கம் காக்கக்கூட அவளை விடவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அறிவிப்பாளர் அதே இனிமையான தமிழில் அவன் பெயரைச் சொன்னார். அவள் கை பழக்கத்தில் முக்காட்டுக்குப் போனது.

"வீட்டுல எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும்."

இறந்தவர் சொல்லும் சலாமுக்கு என்ன பதில் என்று இமாமிடம் கேட்டுவரச் சொல்லாமல் போனோமே என்று தோன்றியது. முக்காட்டை விட்டுவிட்டுப் பாதி சீவிய கிழங்கைக் கையில் எடுத்தாள். சாப்பாடு நல்லா இருக்கு என்று முடித்துவிட்டு அவன் போனான். அடுத்தது சவுக்காரம் காய்ச்சும் நிகழ்ச்சி. அதைக் கேட்க முச்சந்தியில் கூட்டம் சேர்ந்துவிட்டது.