மூன்றாவது தரத்துக்கு முன்

ஆண்டிபட்டிச் சந்தையில் இன்று ஒருவன் ஆட்டுக்கிடாயை ஏலம் விட்டான். "ரெண்டு தரம்" என்று அவன் இழுத்த இழுப்பில், முப்பது வருடம் முந்திய எங்கள் வாசல் கண்முன் வந்தது. சாணமும் வைக்கோலும் மணக்க, கடனுக்கு ஜப்தியான எங்கள் உழவுக்காளைகள் அங்கே நின்றன.

காளைகள் நல்ல விலைக்குப் போனால் கடன் அடையும், வீடு தப்பும். இது ஏலக்காரர் சின்னச்சாமிக்கும் தெரியும். கரகரத்த குரலை உச்சிக்கு ஏற்றுவார். சட்டென்று இறக்கி, காதோடு ரகசியம் பேசுவதுபோல் பேசுவார்.

"பெரியாத்துத் தண்ணி குடிச்ச மாடுய்யா! கரட்டையும் உழும். ஏலே மாயாண்டி, ஒம் மாடு உழுகுற வேகத்துக்குக் கொக்கே தூங்கிப்போகுது. கேளுலே!"

கூட்டம் சிரித்தது. யாரும் விலை கேட்கவில்லை. வட்டிக்காரரின் கணக்குப்பிள்ளை மட்டும் அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." அந்த இழுவைக்குள் ஏலக்காரர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு தலையாகக் குனிந்தது. குரலிலிருந்த வித்தையெல்லாம் வற்றி, கெஞ்சல் மட்டும் மிஞ்சியது. "யாராச்சும் கேளுங்கய்யா."

மூன்றாவது தரத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

கூட்டம் கலைந்ததும் மாயாண்டி மாமா அப்பாவின் கையைப் பிடித்தார். "மச்சான், நாங்க பூராப்பேரும் பேசி வச்சிருந்தோம். ஒங் கஷ்டத்துல ஒம் மாட்டை வெலைக்குக் கேப்பமா? நம்மூர்க்காரக ஒருத்தராச்சும் வாயத் தெறந்தாகளா, பாத்தியா?"

அப்பா அவரைக் கும்பிட்டார். வீட்டுக்குள் அம்மா, பானைகளை ஒவ்வொன்றாக இறக்கிச் சாக்கில் கட்டத் தொடங்கியிருந்தாள்.